மாப்பிள்ளைக்குப் பின்னின பான்ச்சோ

என் கட்டைப்பையை மட்டும் கீழ வச்சிராதீங்க டீச்சர். டீச்சர்தான நீங்க? கழுத்துல பள்ளிக்கூடத்து அட்டை தொங்குது, அதான் கேட்டேன். கீழ எல்லாம் ஈரம், யாரோ பிள்ளை வாந்தி எடுத்திருக்கு, மேலாக்க தண்ணிய ஊத்தி விட்டுருக்காங்க. இங்க குடுங்க, என் மடியிலயே இருக்கட்டும். உள்ள உல்லன் சாமான் இருக்கு. அதுல ஒரு சொட்டுப் பட்டாலும் நான் பட்ட பாடெல்லாம் போச்சு.

இந்தா முன் சீட்டுல படுத்திருக்காளே பச்சைச் சுடிதாரு, அது என் மக. ஜெசிந்தா. மலை ஏறுனா அவளுக்கு ஆகாது. வத்தலக்குண்டுலயே வாந்தி மாத்திரையக் குடுத்து, ரெண்டு பேரு உக்கார்ற சீட்டுல நல்லா நீட்டிப் படுக்க வச்சிட்டு நான் உங்க பக்கத்துல வந்துட்டேன். தூங்குறா, பாவம். நாம கொஞ்சம் பையப் பேசிக்குவோம், என்ன? அவ முழிச்சிட்டா இந்தப் பையைப் பத்திப் பேச முடியாது. இது நம்ம கூட வர்றதே அவளுக்குத் தெரியாது.

இது வர்றது என்ன, எங்க போறோம்னே அவளுக்குத் தெரியாது. கொடைக்கானல் மாதா கோயிலுக்கு ஒரு வேண்டுதல், மெழுகுவத்திய ஏத்திட்டு சாயங்காலம் இறங்கிருவோம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கேன். ஆனா போறது அவ புருசன் வீட்டுக்கு. பொய்தான், நான் இல்லைங்கலையே. பிள்ளைக்காகப் பெத்தவ சொல்ற பொய்ய சேசுவே மன்னிச்சு விட்டுருவாரு.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? முழுசாக் கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க, நான் செஞ்சது சரியா தப்பானு. யாருகிட்டயாவது சொல்லணும் டீச்சர், எனக்கு நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்கு. தெரிஞ்சவங்ககிட்டச் சொன்னா ஊருக்குள்ள பறையடிச்ச மாதிரி ஆயிரும். நீங்க மேல போயி இறங்கிப் போயிருவீங்க.

போன ஈஸ்டர் கழிஞ்சுதான் கல்யாணம் பண்ணுனோம். மாப்பிள்ளை பேரு பிரிட்டோ. கொடைக்கானலுக்கு மேல, டூரிஸ்டுகளுக்கு டெண்ட் அடிச்சுக் குடுக்குறாரு. நெருப்ப மூட்டி, பாட்டப் போட்டு, கோழிய வாட்டிக் குடுப்பாங்களாம். வெளிநாட்டுக்காரன்லாம் வர்றானாம். ஆளு பாக்க அவ்வளவு லட்சணம். என் முன்னால ஒரு நாளும் கால் மேல கால் போட்டு உக்காந்ததில்ல. அத்தை அத்தைன்னு கூப்பிட்டா வாய் மணக்கும். எனக்கெல்லாம் வாச்ச மனுசனை நினைச்சுப் பாக்குறேன், இவளுக்கு வாச்சதைப் பாக்குறேன். குடுத்து வச்சவன்னு நினைச்சேன்.

செப்டம்பர்ல மாதா பிறந்தநாள் திருவிழாவுக்கு எங்க ஊருல கொடி ஏத்துவாங்க. அதுக்கு மொத நாளு இவ வந்து வாசல்ல நிக்கிறா. நல்ல மழை. கையில பை இல்ல, ஒண்ணும் இல்ல. கால்ல பாத்ரூம் செருப்பு. பாத்ரூம் செருப்போட மலையில இருந்து பஸ் ஏறி வந்திருக்கா பாருங்க, அவ்வளவு வெளையாட்டுப் பிள்ளை. திருவிழாவுக்குத்தான் வந்திருக்கானு நானும் சந்தோசப்பட்டுக் கறி எடுத்து ஆக்குனேன். தேர் முடிஞ்சுது. போகல. கொடி இறக்குனாங்க. அப்பவும் போகல.

என்ன சொல்றாளா? அவ என்னத்தச் சொல்றா. நான் கேக்கல டீச்சர். புருசன் பொண்டாட்டி சமாச்சாரத்துல மூக்க நுழைக்கிறது நமக்குப் பழக்கமில்ல. இன்னொண்ணு, கேட்டா சொல்லிருவா. சொல்லிட்டா எனக்குத் தெரிஞ்சு போயிருமே. தெரிஞ்சதுக்கப்புறம் நான் எப்படி அவள அனுப்புறது?

மாப்பிள்ளையே போன் போட்டாரு. "அத்தை, அவள நீங்களா அனுப்புறீங்களா, இல்ல நான் வந்து தலைமுடியப் புடிச்சு இழுத்துட்டு வரட்டுமா"ன்னாரு. என்னா ஒரு உரிமை பாருங்க. வேண்டாத பொண்டாட்டிய எவனாவது இழுத்துட்டு வர்றேன்னு சொல்லுவானா? அந்தப் பேச்சைக் கேட்டு எனக்குப் பாதி உயிரு வந்துச்சு. இவகிட்டப் போயி சந்தோசமாச் சொன்னேன். கேட்டுட்டு உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டா. அப்புறம் சாப்பிடவே வரல.

அக்டோபர்ல எங்க அன்பியத்துல, அதான் கோயில் தெருக்குழுவுல, வீட்டுக்கு வீடு ஜெபமாலை சொல்லுவாங்க. எங்க தெருப் பாக்கியம் இருக்காளே, அவ வீட்டு முறை அன்னைக்கு. ஜெபமாலை முடிஞ்சு சுண்டல் குடுக்குறா. எல்லாருக்கும் குடுத்துட்டு இவகிட்ட வந்து, "உனக்கு நிறைய வைக்கிறேன், இனிமே நீ நம்ம தெருப் பிள்ளைதான"ங்கிறா. எல்லாரும் காது கேக்காத மாதிரி சுண்டலத் திங்கிறாளுக. வெளிய வர்றப்ப ஒருத்தி இன்னொருத்திகிட்டச் சொல்றா, வாழாவெட்டின்னு. என் மகளைத்தான். என் வயித்துல பிறந்ததை. அந்தச் சொல்லு காதுல விழுந்த அன்னையில இருந்து எனக்கு அன்னந்தண்ணி இறங்கல டீச்சர். நமக்கு என்ன, பிடிக்கலைன்னா வெட்டி விட்டுட்டு வேற ஒண்ணக் கட்டிக்கிற சாதி சனமா? பீடத்துக்கு முன்னாடி கட்டுன தாலி. ஒண்ணு வாழணும், இல்ல வாழாவெட்டியா இருக்கணும். இவளுக்கு வயசு இருபத்திமூணு.

அப்பத்தான் எனக்கு இந்த யோசனை வந்துச்சு. இவளுக்கு இந்த வருசம் தலைக் கிறிஸ்மஸ். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், உங்காளுகளுக்குத் தலைத் தீபாவளி மாதிரி. பொண்ணு வீட்டுக்காரங்க நேருல போயி, துணிமணி வச்சு, மாப்பிள்ளையையும் பொண்ணையும் அழைச்சிட்டு வரணும். நடுச்சாமப் பூசைக்குப் புது உடுப்போட அவுக ரெண்டு பேரும் கோயிலுக்குள்ள நடந்து வந்துட்டா போதும். பாக்கியம் வாயி, மத்தவளுக வாயி, அத்தனையும் அடைச்சுப் போயிரும். ஆனா சும்மா ஒரு பேண்ட்டு சட்டைய எடுத்துக்கிட்டுப் போனா அவரு மனசு இறங்குமா? அதை வாங்கக்கூட மாட்டாரு. வேற என்னமாவது வேணும். அவரு ஆசைப்பட்டது ஏதாவது வேணும்.

கல்யாணமான புதுசுல விருந்துக்கு வந்திருந்தாருல்ல, அப்ப போன்ல ஒரு படம் காட்டுனாரு. வெள்ளைக்காரன் ஒருத்தன் மலை மேல நிக்கிறான். போர்வைக்கு நடுவுல ஓட்டை போட்டுத் தலைய விட்டுக்கிட்ட மாதிரி ஒரு உடுப்பு. கை கிடையாது. கலர் கலரா வேலைப்பாடு. தலையில அதே வேலைப்பாட்டுல ஒரு தொப்பி, காதை மூடி ரெண்டு பக்கமும் குஞ்சம் தொங்குது. "இதுக்குப் பேரு பான்ச்சோ அத்தை. இத மாதிரி ஒண்ணு போட்டுக்கிட்டு நெருப்புக்கிட்ட நின்னா டூரிஸ்டெல்லாம் அசந்து போயிருவான்"னாரு. எங்கிட்ட அவரு ஆசைப்பட்டுச் சொன்னது அது ஒண்ணுதான்.

எனக்குப் பின்னத் தெரியும் டீச்சர். கன்னியாஸ்திரிங்க பள்ளிக்கூடத்துல படிச்சப்ப கத்துக்கிட்டது. குழந்தைக்கு சாக்ஸ், ஸ்வெட்டரு, அவ்வளவுதான். இப்படி ரெண்டு மூணு கலரு ஓட விட்டுப் பின்னுனதில்ல. ஒரே வரிசையில ரெண்டு நூலும் கூடவே வரும். முன்னாடி சிவப்பு தெரியிறப்ப வெள்ளை பின்னாடி ஓடும், வெள்ளை தெரியிறப்ப சிவப்பு பின்னாடி போயிரும். பின்னாடி ஓடுற நூல இழுத்துப் பிடிச்சா முன்னாடி எல்லாம் சுருங்கிப் போகும். ரொம்பத் தளர விட்டா போடுறப்ப விரலு மாட்டிக்கிரும். அதுல எனக்குக் கை இறுக்கம். சிஸ்டரம்மா அப்பவே என் பேரச் சொல்லித் திட்டுவாங்க, "செபமாலை, நூல இப்படிப் போட்டு இழுக்காதடி, அது போற போக்குல விடு"ன்னு. எனக்கு விடத் தெரியாது. நான் எதையும் விட்டதில்ல.

வத்தலக்குண்டு புழுக்கத்துல மடியில உல்லனப் போட்டுக்கிட்டு உக்காந்து பாருங்க, அப்பத் தெரியும். மடியெல்லாம் வேர்க்குரு. படத்துல கருப்பு இருந்துச்சு, தலைக் கிறிஸ்மஸுக்குக் கருப்பு வைக்கக் கூடாதுன்னு காப்பிக்கொட்டைக் கலரு மாத்திக்கிட்டேன். அப்புறம் அதுல ஒரு மிருகம் வரிசையாப் போகுது. ஆடும் இல்ல, ஒட்டகமும் இல்ல, கழுத்து மட்டும் நீளம். நான் பின்னுனா அது தெருநாயி மாதிரி வருது. ரெண்டு தடவை பிரிச்சேன். மாப்பிள்ளைக்கு நாய் படம் போட்டுக் குடுத்தா என்ன நினைப்பாரு? கடைசியில மிருகமே வேண்டாம்னு நட்சத்திரமாப் போட்டுட்டேன். கிறிஸ்மஸ் நட்சத்திரம். வாலோட.

தொப்பிதான் மொதல்ல முடிச்சேன். என் கை இறுக்கத்துக்கு அது எந்தத் தலைக்கும் ஏறல. செம்புல மாட்டிப் பாத்தேன், செம்புக்கே பத்தல. அதப் பூராவும் பிரிச்சு மறுபடி போட்டேன். அளவுக்கு எங்க வீட்டுக்காரரு தலைதான் கிடைச்சுது. சவரிமுத்துன்னு பேரு, ஸ்கூல் வேன் ஓட்டுறாரு. பனியனோட உக்கார வச்சுத் தலையில மாட்டி விட்டேன். குஞ்சமும் அவருமா, வேர்த்து விறுவிறுத்து, பாக்கச் சிரிப்பாத்தான் இருந்துச்சு. அவரு சிரிக்கல. தொப்பியக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு, "பிள்ளைய அனுப்பாத"ன்னாரு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? யாரு சொல்றதுன்னு ஒரு வரைமுறை வேண்டாமா? இந்தா பாருங்க, இந்தப் பக்கம் ரெண்டு பல்லு இல்ல எனக்கு. அவரு கைவண்ணம்தான். இப்ப வயசாச்சு, கை ஓஞ்சு போச்சு, சாமியாருக்குப் பூசையில உதவி பண்றாரு. கல்யாணமான புதுசுல நான் எங்கம்மா வீட்டுக்கு ஓடிப் போனேன். எங்கப்பா அதே பஸ்ஸுல திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டுப் போனாரு. அடிக்கிற கைதான் அணைக்கும்னு சொல்லி விட்டுட்டுப் போனாரு. நானும் அணைக்கும் அணைக்கும்னு பாத்தேன். வருசம் போயிருச்சு, பிள்ளையும் பிறந்து வளந்துருச்சு. அந்த மனுசன் எங்கிட்ட வந்து பிள்ளைய அனுப்பாதங்கிறாரு.

நான் கேட்டேன், "என்னைய மட்டும் அனுப்புனாங்களே, அப்ப நீங்க எங்க போயிருந்தீங்க"ன்னு. அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. இவ அடிக்குப் பயந்து திரும்பி வரலாம்னா, நானும் வந்திருக்கலாமே டீச்சர். நான் ஏன் இருந்தேன்? அத்தனை வருசம் நான் எதுக்கு இருந்தேன்? யாராவது எனக்குப் பதில் சொல்லட்டும், அப்புறம் நான் இவள அனுப்பாம இருக்கேன்.

சரி, விடுங்க. தண்ணி இருக்கா உங்ககிட்ட? போதும், போதும்.

நான் பின்னப் பின்ன இவ பக்கத்துல வந்து உக்காருவா. யாருக்குன்னு கேட்டா. மறைக்க முடியாதே, மாப்பிள்ளைக்குத்தான்னேன். விரிச்சு வச்சுத் தடவிப் பாத்தா. "கை கிடையாதாம்மா இதுக்கு"ன்னு கேட்டா. "கிடையாது, கைய உள்ளதான் வச்சுக்கணும்"னேன். "அப்ப நல்லதுதான்மா. கை உள்ளயே இருக்கும்"னா. நான் நினைச்சேன், புருசனுக்குக் குளிராதுன்னு சொல்றான்னு. ஆசை இல்லாமலா அப்படிச் சொல்லுவா? அன்னைக்கு எனக்கு நூலு வேகமா ஓடுச்சு.

ஆனா அளவு பாக்கணும்ல. மாப்பிள்ளை உயரத்துக்கு இவ தோள் வரைக்கும்தான் இருப்பா, இருந்தாலும் கழுத்து ஓட்டை தலைக்கு ஏறுதான்னு தெரியணுமே. இவ சோறு தின்னுட்டு உக்காந்திருந்தா. பின்னாடி போயி விளையாட்டாத் தலை வழியாப் போட்டேன். டீச்சர், அவ கத்துன கத்து. அந்த மாதிரி ஒரு சத்தத்த நான் கேட்டதில்ல. கம்பளி மூஞ்சிய மூடவும் கையக் காலப் போட்டு உதைக்கிறா. "மூச்சு முட்டுது, விட்ருங்க, இனிமே செய்யமாட்டேன், விட்ருங்க"ங்கிறா. எங்கிட்ட எதுக்கு இவ "விட்ருங்க"ங்கணும்? என்னைய இவ நீ, வா, போன்னுதான கூப்பிடுவா. எடுத்துட்டுப் பாத்தா மூஞ்சியெல்லாம் வேர்த்து, உக்காந்த இடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டா.

உல்லன் சில பேருக்கு ஒத்துக்கிறாதுல்ல? அலர்ஜிம்பாங்களே. அதுதான். அதுதான்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

நீங்க எதுக்குக் கண்ணத் தொடைக்கிறீங்க? அட, சும்மா இருங்க டீச்சர்.

அதுக்கப்புறம் இவ கண்ணுல படுற மாதிரி பின்னல. இத ஒரு கடைக்காரரு கேட்டாரு, குடுத்துட்டேன்னு சொல்லிட்டேன். ஒரு மூச்சு விட்டா பாருங்க. அன்னையில இருந்து நல்லாச் சாப்பிட்டா. அவ தூங்குனதுக்கப்புறமும், அவ கோயிலுக்குப் போற நேரத்துலயும் உக்காந்து முடிச்சேன். முந்தாநாளு மாப்பிள்ளை போன்ல சொல்லிட்டாரு, "கிறிஸ்மஸுக்குள்ள அவ இங்க இருக்கணும், இல்லைன்னா நான் ஆளோட கீழ வருவேன், அப்புறம் நடக்குறதுக்கு நான் பொறுப்பில்ல"ன்னு. குரலே மாறியிருந்துச்சு. அதான் இன்னைக்கு வந்துட்டேன். அவரு கீழ வந்து தெருவுல நின்னு சத்தம் போட்டா நான் உயிரோட இருக்க முடியுமா? நாமளே கொண்டு போயி, நல்ல வார்த்தை சொல்லி, இந்த உடுப்பையும் வச்சு, பாத்து வச்சுக்கங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டா, மனுசந்தான, இறங்காமலா போயிருவாரு? எனக்கு வேற என்ன வழி இருக்கு? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. இருந்தாச் சொல்லுங்க.

  

இருங்க, எடுத்துக் காட்டுறேன். அவ நல்லாத்தான் தூங்குறா. இந்தா, இதுதான் பான்ச்சோ. தொட்டுப் பாருங்க. உள்பக்கம் பாருங்க, நூலு ஒண்ணாவது சுருங்கியிருக்கா? கடைசியில கை படிஞ்சிருச்சு. இது தொப்பி. போட்டுப் பாருங்க டீச்சர். அட, போடுங்க, குளிருதுல்ல. ஒரு தலையில பாத்தாத்தான் அதோட அழகு தெரியும். எங்க வீட்டுக்காரரு தலையில பாத்து எனக்குத் திருப்தியே இல்ல. ஆங், அப்படித்தான், காது மூடுற மாதிரி இழுத்து விடுங்க. எவ்வளவு நல்லா இருக்கு.

பஸ்ஸு நிக்குதா? ஊத்துங்கிற ஊரு வந்துருச்சு. இங்கதான் டீக்கு நிறுத்துவான். பத்து நிமிசமாம். ஐயோ, முழிச்சிட்டா. கழட்டுங்க, கழட்டுங்க டீச்சர். பாத்துட்டா.

என்ன கண்ணு, தலைசுத்து விட்டுச்சா? இவங்க டீச்சரு, கொடைக்கானல்ல வேலை. ம்? ஆமா, அதேதான். இல்லடி, கடைக்காரரு வாங்கல. அதான் சும்மா எடுத்துட்டு வந்தேன், குளிருமேன்னு. கோயிலுக்குத்தான், கோயிலுக்குத்தான் போறோம். என்னத்த அப்படிப் பாக்குற? சரி, போ, போயி டீ குடிச்சிட்டு வா. இந்தா, காசு வச்சுக்கோ. டீச்சருக்கும் சேத்து வாங்கிட்டு வா. சால்வையப் போத்திக்கோ. வேண்டாமா? சரி, வெரசா வந்துரு.

பாத்தீங்களா? ஒண்ணும் சொல்லல. நான் பயந்து செத்துட்டேன், கத்துவா, கூப்பாடு போடுவான்னு. என் மூஞ்சிய ஒரு பார்வை பாத்தா, நிதானமா எந்திரிச்சுப் போயிட்டா. புரிஞ்சிருச்சு அவளுக்கு, எங்க போறோம்னு. புரிஞ்சும் கத்தலைன்னா என்ன அர்த்தம்? மனசு இறங்கிட்டான்னுதான அர்த்தம்? என்னதான் இருந்தாலும் புருசன். மாதாவே, உனக்கு நான் கிலோ கணக்குல மெழுகுவத்தி ஏத்துறேன்.

இனி ஒண்ணும் பயமில்ல. மேல போனதும் மொதல்ல அவள நெத்தியில சிலுவை போட்டு உள்ள விட்டுட்டு, நான் சம்பந்தியம்மா கால்ல விழுந்துருவேன். எனக்கு அதுல கௌரவக் குறைச்சல் இல்ல. வெத்தலை பாக்கு, பழம், கேக்கு எல்லாம் இன்னொரு பையில இருக்கு. பான்ச்சோவ நானே அவரு தோள்ல போட்டு விடுவேன். கிறிஸ்மஸுக்கு வாங்க மாப்பிள்ளைன்னு கூப்பிடுவேன். மாட்டேன்னு சொல்லுவாரா? சொல்லுங்க, நானும் என்ன குறை வச்சேன்?

என்ன டீச்சர்? எங்க பாக்குறீங்க?

டீக்கடையிலதான் நிப்பா. இல்லையா? பாத்ரூம் போயிருப்பா. மாத்திரை போட்டா அவளுக்கு அப்படித்தான். எதுத்தாப்புல நிக்கிற பஸ்ஸா? அது கீழ இறங்குற பஸ்ஸு டீச்சர், வத்தலக்குண்டு போறது. அதுல எதுக்கு அவ... எந்த ஜன்னலு? ரெண்டாவதா?

ஜெசிந்தா.

இல்ல, உக்காருங்க. உக்காருங்க டீச்சர். கையக் காட்டாதீங்க, சத்தம் குடுக்காதீங்க.

என்னையப் பாத்தா. நேரா என்னையத்தான் பாத்தா. பாத்ததும் தலையக் குனிஞ்சுக்கிட்டு சீட்டுக்குக் கீழ போறா. அவ புருசன்தான் வந்து நிக்கிறானோன்னு நான் திரும்பிப் பாத்தேன். என் பின்னாடி ஒருத்தரும் இல்ல டீச்சர். என்னையப் பாத்துத்தான் பயந்து ஒளியுறா.

அந்த மூஞ்சி எனக்குத் தெரியும். அவரு வேனு சத்தம் கேட்டா நான் கதவுக்குப் பின்னாடி போயி நிப்பேன், அப்ப எனக்கு இருக்கும் அந்த மூஞ்சி. அவளுக்கு அத நான் குடுத்திருக்கேன். அவன் குடுத்தது பத்தாதுன்னு பெத்தவ நானும் குடுத்திருக்கேன். என் கையப் பிடிச்சுக்கங்க டீச்சர்.

நானா? நான் இறங்கல. நான் இப்ப இறங்கி அந்தப் பஸ்ஸுப் பக்கம் ஒரு எட்டு வச்சா, அவ அதுல இருந்தும் குதிச்சு ஓடிருவா. இந்த ரோட்டுல எங்க ஓடுவா, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். மொதல்ல அது கிளம்பட்டும். கீழ அவங்கப்பா இருக்காரு. அவருக்கு மட்டும் ஒரு போனு போட்டுக் குடுங்க. பிள்ளை தனியா வருது, ஸ்டாண்டுல போயி நில்லுங்கன்னு சொல்லுங்க. எங்கயும் அனுப்பாதீங்கன்னு நான் சொன்னதாச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க.

என்ன கண்டக்டர் தம்பி? ஆமா, அந்த முன் சீட்டுப் பிள்ளை எங்கூட வந்ததுதான். இல்ல, பாத்ரூம் போகல. தேட வேண்டாம், ஹாரன் அடிக்கவும் வேண்டாம். அவ வரல தம்பி. நீங்க விசில் குடுங்க.